மே கடைசியில் கோவளம்–பூவார் பக்கம் கடலோர ரிசார்ட்டில் தங்கப் போகிறவர்களுக்கு

கேள்வி இது: திருநெல்வேலியிலிருந்து ஆறு பேர். அப்பா, அம்மா, கணவன் மனைவி, பிள்ளைகள் இருவர். மே கடைசி வாரத்தில் கோவளம்–பூவார் பக்கம் ஒரு கடலோர ரிசார்ட்டில் இரண்டு இரவு தங்க நினைக்கிறார்கள். அம்மாவுக்கு முட்டுவலி. இதுவரை இப்படிப்பட்ட இடத்தில் தங்கிய பழக்கமில்லை. என்னென்ன கவனிக்க வேண்டும்?

முதலில் ஊரை உறுதி செய்துகொள்ளுங்கள். கோவளம் என்ற பெயரில் மூன்று கடற்கரைகள் இருக்கின்றன. ஒன்று சென்னைக்குத் தெற்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையில். இன்னொன்று கன்னியாகுமரிக்குப் பக்கத்தில் இருக்கும் மீனவ ஊர். நீங்கள் நினைப்பது மூன்றாவது, திருவனந்தபுரத்திலிருந்து ஏறத்தாழ 16 கிலோமீட்டரில் இருப்பது. செயலியில் கோவளம் என்று தட்டினால் சென்னைப் பக்கத்து ரிசார்ட்டும் கூடவே வரும். சலுகை விலையைப் பார்த்த சந்தோஷத்தில் பணம் கட்டிவிட்டு, பெட்டியோடு எங்கள் ரிசார்ட் வரவேற்பு மேசைக்கு வந்து ரசீதை நீட்டுகிறவர்கள் உண்டு. அவர்களுடைய அறை எழுநூறு கிலோமீட்டர் தள்ளி காலியாகக் கிடக்கும்.

நான் கன்னியாகுமரி மாவட்டத்து மார்த்தாண்டத்துக்காரன். கேரள எல்லையில் இருக்கும் களியக்காவிளை தாண்டி, இந்தக் கரையில் இருக்கும் ரிசார்ட்டுகளில் ஃப்ரண்ட் ஆபீஸ் வேலை பார்க்கிறவன். வரவேற்பு மேசைக்கு வருகிற சண்டைகளில் முக்கால்வாசி, பணம் கட்டுவதற்கு முன் ஒரு போன் போட்டுக் கேட்டிருந்தால் வந்திருக்காது. ஆகவே நான் சொல்லப்போவதில் பெரும்பகுதி, அந்த போனில் என்ன கேட்பது என்பதுதான். மலையாளம் தெரியாதே என்று தயங்க வேண்டாம். இந்தப் பக்கம் பெரும்பாலான ஹோட்டல்களில் எங்கள் ஊர்ப் பையன் யாராவது ஒருவன் இருப்பான், தமிழிலேயே பேசலாம்.

அம்மாவின் முட்டுவலியிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் எந்த இடம் என்பதை அதுதான் முடிவு செய்யும். விழிஞ்ஞத்துக்குத் தெற்கே புளிங்குடி, சொவ்வரா பக்கமெல்லாம் கரை செம்பாறைக் குன்று. ரிசார்ட் மேலே இருக்கும், மணல் கீழே இருக்கும். படத்தில் பார்த்தால் பால்கனியிலிருந்து கடல் கைக்கெட்டும் தூரம். இறங்கிப் போனால் ஐம்பது, அறுபது படி, சில இடங்களில் அதற்கும் மேல். இறங்கிவிடலாம், ஏறுவதுதான் பாடு. கோவளத்தில் லைட்ஹவுஸ் பீச் பக்கம் வேறு சிக்கல். அங்கே கடலை ஒட்டி இருக்கும் பல ஹோட்டல்களின் வாசல் வரை கார் போகாது. மேலேயே நிறுத்திவிட்டுச் சந்து வழியாகப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும். பூவாரில் நெய்யாறு கடலில் சேருகிறது. அங்கே சில ரிசார்ட்டுகளுக்குப் படகில்தான் போக முடியும். படகுத் துறையிலிருந்து ஆடுகிற படகுக்குள் ஒரு கால் வைத்து மறுகால் தூக்குவது, முட்டு மடங்காதவர்களுக்குச் சாதாரண விஷயமில்லை. தண்ணீரில் மிதக்கும் காட்டேஜ் கேட்பதற்கு ஆசையாக இருக்கும். ஆனால் ராத்திரி அம்மாவுக்கு ஏதாவது என்றால் படகுக்காரரை எழுப்ப வேண்டும் என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

ஆகவே போனில் முதல் கேள்வி: கார் நிற்கும் இடத்திலிருந்து அறைக்கு எத்தனை படி, அறையிலிருந்து மணலுக்கு எத்தனை படி, லிஃப்ட் உண்டா? இரண்டாவது கேள்வி குளியலறை. குளியல் தொட்டி இருக்கும் அறையை அம்மாவுக்கு வாங்காதீர்கள். தொட்டியின் விளிம்பைத் தாண்டித்தான் ஷவருக்குள் போக வேண்டும், ஈரக் காலோடு அதைத் தாண்டுவதில்தான் பெரியவர்கள் விழுகிறார்கள். தொட்டி இல்லாத அறை, முடிந்தால் கைப்பிடியோடு, தரைத் தளத்தில் வேண்டும் என்று சொல்லுங்கள். இதற்குத் தனிக் கட்டணம் கேட்க மாட்டார்கள். முன்கூட்டியே சொன்னால் ஒதுக்கி வைப்பார்கள். வந்து நின்று கேட்டால் இருப்பதைத்தான் தர முடியும். என்னைக் கேட்டால், உங்களுக்குக் கோவளத்தில் சமுத்ரா பீச் பக்கமோ, கார் வாசலுக்கே வரும் சமதள ரிசார்ட்டோதான் சரி. பூவாருக்கு ஒரு பகல் படகுச் சவாரி போய் வந்தால் போதும்.

அடுத்தது மாதம். கேரளத்தில் தென்மேற்குப் பருவமழை தொடங்கும் வழக்கமான தேதி ஜூன் 1. ஆனால் 2025-இல் மே 24-ஆம் தேதியே வந்துவிட்டது. மே கடைசி என்றால் வெயிலும் கிடைக்கலாம், இரண்டு நாளும் மழையில் அறைக்குள் உட்கார்ந்திருக்கவும் நேரலாம். பருவத்தில் இன்னொரு விஷயமும் நடக்கும், வெளியூர்க்காரர்கள் யாரும் எதிர்பார்ப்பதில்லை. மழைக்கால அலைகள் கரை மணலை இழுத்துக்கொண்டு போய்விடும். சில இடங்களில் வெறும் பாறையும் கருங்கல் சுவரும்தான் மிஞ்சும். மழை ஓய்ந்து கடல் அடங்கிய பிறகு அதே மணலை மெல்ல மெல்லக் கொண்டுவந்து போடும். விளம்பரத்தில் இருக்கிற அகலமான மணல்வெளி பெரும்பாலும் ஜனவரியில் எடுத்த படம். ‘இந்த வாரம் உங்கள் பீச்சில் மணல் இருக்கிறதா, இன்றைக்கு எடுத்த படம் ஒன்று வாட்ஸ்அப்பில் அனுப்ப முடியுமா’ என்று கேளுங்கள். கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அனுப்ப மறுக்கிற இடத்தில் நான் தங்க மாட்டேன்.

மழை அபாயத்துக்கு ஈடாக விலை குறைய வேண்டும். பள்ளி விடுமுறை முடியும் நேரம் என்பதால் மே கடைசி ஞாயிறு வரை விலையை இறக்க மாட்டார்கள். ஜூன் முதல் வாரத்தில் அதே அறை நன்றாகக் குறையும். தேதி மாற்ற முடிந்தால் பாருங்கள், இல்லையென்றால் வார நாட்களில் வாருங்கள். ரத்து செய்தால் பணம் திரும்பக் கிடைக்காத சலுகை விலை எதையும் இந்த வாரத்துக்கு வாங்க வேண்டாம்.

இனி கடல். ஹோட்டல்காரன் சரிசெய்து தர முடியாத ஒரே விஷயம் இதுதான், அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன். எங்கள் மாவட்டத்தில் கணபதிபுரம் பக்கத்து லெமூர் கடற்கரையில் 2024 மே 6-ஆம் தேதி மருத்துவ மாணவர்கள் ஐந்து பேர் அலையில் சிக்கி இறந்துபோனார்கள். அந்த நாட்களில் கள்ளக்கடல் எச்சரிக்கை விடப்பட்டிருந்தது. கள்ளக்கடல் என்பது இங்கே உருவாகும் கொந்தளிப்பு இல்லை. இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் எங்கோ புயல் அடிக்கும். அங்கே கிளம்புகிற நீண்ட அலைகள் சில நாள் ஓடி இந்தக் கரையைத் தொடும். இங்கே காற்று இருக்காது, மழை இருக்காது, வானம் துடைத்துவிட்ட மாதிரி இருக்கும். அரை மணி நேரமாகக் காலை நனைத்துக்கொண்டிருந்த கடல் திடீரென்று ஏறி, உலர்ந்த மணலில் உட்கார்ந்திருப்பவரை இழுக்கும். மழைக்கு முந்தைய மாதங்களில், ஏப்ரல், மே என்று, இது அடிக்கடி வரும். ஹைதராபாத்தில் இருக்கும் தேசிய கடல் தகவல் சேவை மையம், இன்காய்ஸ், முன்கூட்டியே எச்சரிக்கை தருகிறது. உள்ளூர்ச் செய்தியிலும் வரும். காலையில் காப்பி குடிக்கும்போதே ரிசப்ஷனில் ‘இன்று எச்சரிக்கை உண்டா’ என்று கேட்டுவிடுங்கள். உண்டு என்றால் அன்றைக்குக் காலை நனைப்பதுகூட வேண்டாம், நீச்சல் குளம் போதும்.

எச்சரிக்கை இல்லாத நாளிலும் இழுப்பு நீரோட்டம் உண்டு. கரையில் மோதிய தண்ணீர் எல்லாம் எங்கேயாவது ஒரு வாய்க்கால் பிடித்துத் திரும்பி ஓட வேண்டும். கோவளத்தில் லைட்ஹவுஸ் பீச்சுக்கும் ஹவா பீச்சுக்கும் நடுவே பாறை முனை ஒன்று நீட்டிக்கொண்டிருக்கிறதல்லவா, அந்த மாதிரிப் பாறை ஓரங்களில் அது பலமாக இருக்கும். பார்வைக்கு அந்த இடம்தான் சாதுவாகத் தெரியும்: அலை உடையாது, நுரை இருக்காது, தண்ணீர் கொஞ்சம் கருத்து நிற்கும். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு சரியாக அங்கேதான் இறங்குவார்கள். மாட்டிக்கொண்டால் கரையை நோக்கி எதிர்நீச்சல் போடக் கூடாது. அது ஆளை அடியில் இழுப்பதில்லை, வெளியேதான் கொண்டுபோகும். பதறாமல் மிதந்து, கையை உயர்த்தி, கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நகர்ந்தால் இழுப்பு விட்டுவிடும். நீச்சல் தெரியாதவர் காப்பாற்றக் குதிக்க வேண்டாம். லைஃப்கார்டைக் கூப்பிடுங்கள், மிதக்கிற எதையாவது எறியுங்கள். சிவப்பும் மஞ்சளுமான கொடிகள் இரண்டு நட்டிருந்தால் அவற்றுக்கு நடுவே மட்டும் இறங்கலாம். தனிச் சிவப்பு என்றால் யாரும் இறங்கக் கூடாது. மாலையில் லைஃப்கார்டு விசில் ஊதி எல்லாரையும் கரையேற்றினால் முகம் சுளிக்காமல் ஏறிவிடுங்கள். மேற்குக் கரை என்பதால் சூரியன் கடலில்தான் இறங்கும், மே மாதத்தில் ஆறரை தாண்டி. அந்த அரை மணி நேரம் படம் எடுக்கிறேன் என்று பின்வாக்கில் நடந்து தண்ணீருக்குள் போகிறவர்கள் அதிகம்.

பூவாரில் ஆறு கடலோடு சேரும் பொழியில் குளிக்கவே கூடாது. கரை செங்குத்தாகச் சரியும், ஆற்றின் வேகமும் கடலின் இழுப்பும் சேர்ந்து வரும். படகுக்காரர் இறக்கிவிடும் மணல்திட்டில் நின்று பாருங்கள், அவ்வளவுதான்.

‘பிரைவேட் பீச்’ என்று விளம்பரத்தில் போடுவார்கள். நம் நாட்டில் கடற்கரை பொதுச் சொத்து. ரிசார்ட்டுக்கு வழிதான் தனி. காலையில் மீனவர்கள் கரமடி வலை இழுத்துக்கொண்டிருப்பார்கள். கயிற்றைத் தாண்டாதீர்கள், வலையில் காலை வைக்காதீர்கள், ஆளைப் படம் எடுக்குமுன் ஒரு வார்த்தை கேளுங்கள். பிள்ளைகளை ஒரு கை பிடிக்கச் சொல்லி அவர்களே கூப்பிடுவதும் உண்டு.

சரி, பணத்துக்கு வருவோம். அறை விலையில் சாப்பாடு எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்பதை எழுத்தில் சொல்வார்கள். இ.பி. என்றால் வெறும் அறை. சி.பி. என்றால் காலை உணவு சேர்த்து. எம்.ஏ.பி. என்றால் காலையோடு இன்னொரு வேளை, ஏ.பி. என்றால் மூன்று வேளையும். உங்களுக்கு சி.பி. போதும், மதியமும் ராத்திரியும் வெளியே நல்ல சாப்பாடு கிடைக்கும். படகில் போகிற பூவார் ரிசார்ட் என்றால் மட்டும் எம்.ஏ.பி. எடுங்கள், ராத்திரி சாப்பிட அங்கே வேறு வழி கிடையாது.

வரியில் ஒரு கோடு இருக்கிறது, தெரிந்தால் ஆயிரம் ரூபாய் மிச்சம். 2025 செப்டம்பர் 22 முதல், ஒரு நாள் அறை வாடகை 7,500 ரூபாய் வரை என்றால் ஜிஎஸ்டி 5 சதவீதம், அதைத் தாண்டினால் 18 சதவீதம். 7,400 ரூபாய் அறைக்கு வரியோடு 7,770 ஆகும். 7,600 ரூபாய் அறைக்கு 8,968. வாடகையில் இருநூறு ரூபாய் வித்தியாசம், கையை விட்டுப் போவதோ கிட்டத்தட்ட ஆயிரத்து இருநூறு. கோட்டுக்குச் சற்று மேலே விலை சொன்னால், ‘ஏழாயிரத்து ஐந்நூறுக்குள் முடித்துத் தாருங்கள்’ என்று நேரடியாகவே கேட்கலாம். கூட்டம் இல்லாத நாளில் பலர் ஒத்துக்கொள்வார்கள்.

சாப்பாட்டு பில்லில் சர்வீஸ் சார்ஜ் என்று தானாகச் சேர்த்திருந்தால் எடுக்கச் சொல்லலாம். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022-இல் தடுத்ததை, 2025 மார்ச்சில் தில்லி உயர் நீதிமன்றமும் உறுதி செய்தது. டிப்ஸ் உங்கள் விருப்பம். கொடுப்பதென்றால் அறையைச் சுத்தம் செய்கிறவரை மறந்துவிடாதீர்கள். சாப்பாட்டு மேசையில் நிற்பவர் கண்ணில் படுகிறார், இவர் படுவதில்லை.

இணையத்தில் கிடைக்கும் ஹோட்டல் நம்பரை அப்படியே நம்ப வேண்டாம். போலி நம்பர் போட்டு, தனிநபர் யுபிஐ கணக்குக்கு முன்பணம் வாங்கிக்கொண்டு மறைந்துவிடுகிற கூட்டம் இருக்கிறது. ஹோட்டலின் சொந்தத் தளத்தில் உள்ள நம்பரோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஏமாந்துவிட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள். செயலி வழியாகப் பதிவு செய்தாலும் மறுநாள் ஹோட்டலுக்கே போன் செய்து, பதிவு வந்து சேர்ந்ததா என்று கேளுங்கள்.

ஆறு பேருக்கு இரண்டு அறை வேண்டும். ஒரே அறையில் எக்ஸ்ட்ரா பெட் போட்டுச் சமாளிக்கலாம் என்று நினைக்காதீர்கள். எக்ஸ்ட்ரா பெட் என்பது பல இடங்களில் தரையில் விரிக்கிற மெத்தைதான். இரண்டு அறையும் பக்கத்துப் பக்கத்தில், முடிந்தால் நடுவில் கதவோடு கேளுங்கள். பிள்ளைகளின் வயதை மறைக்காமல் சொல்லுங்கள். எத்தனை வயது வரை இலவசம் என்பது இடத்துக்கு இடம் மாறும், காலை உணவுக்குத் தனியாக வாங்குகிறவர்களும் உண்டு. ‘சீ வியூ’ என்றால் முழுக் கடலா, தென்னை மரத்துக்கு நடுவே ஒரு கீற்றா என்பதையும் கேட்டுவிடுங்கள். விழிஞ்ஞம் பக்கம் கடல் தெரிகிற அறை கிடைத்தால் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். 2025 மே மாதம் முறைப்படி தொடங்கிவைக்கப்பட்ட துறைமுகத்துக்கு வருகிற ராட்சத கன்டெய்னர் கப்பல்கள் அடிவானத்தில் நிற்கும்.

அடையாள அட்டை பெரியவர்கள் எல்லாருக்கும் வேண்டும். ஆதார் கொடுப்பதானால் எண் மறைத்த மாஸ்க்ட் ஆதார் போதும், ஓட்டுநர் உரிமமும் செல்லும். இரண்டு மணிக்கு அறை, பதினோரு மணிக்குக் காலி செய்வது என்பது பொதுவான கணக்கு. நாகர்கோவில் வழியாகக் காரில் வந்தால் நெய்யாற்றின்கரை, பாலராமபுரம் நெரிசலுக்குள் போகாமல், எல்லை தாண்டியதும் காரோடு என்ற ஊரில் பைபாஸ் பிடித்துவிடுங்கள். நேராகக் கோவளத்தில் கொண்டுவிடும். சீக்கிரம் வந்துவிட்டாலும் பெட்டியை வாங்கி வைத்துக்கொள்வார்கள், குளத்தில் இறங்கலாம்.

குளம் என்றதும் தவறாமல் வரும் சண்டை ஒன்று. புடவையோடும் சுடிதாரோடும் குளத்தில் இறங்க விட மாட்டார்கள். நைலான் நீச்சல் உடை கேட்பார்கள். நம் பெண்களை அவமானப்படுத்துகிறார்கள் என்று ஆண்கள் கோபப்படுவார்கள். காரணம் வேறு: பருத்தித் துணியின் நூலும் சாயமும் கழன்று வடிகட்டியை அடைக்கும், தண்ணீர் ஒரே நாளில் கலங்கிவிடும். முழுக்கை, முழுக்கால் மூடுகிற நீச்சல் உடை திருநெல்வேலிக் கடைகளிலேயே கிடைக்கிறது, வாங்கி வாருங்கள். ரிசார்ட்டுக் கடையில் வாங்கினால் விலை இரண்டு மடங்கு. தலையில் எண்ணெயோடு இறங்கக் கூடாது, முதலில் ஷவர். பெரும்பாலான குளங்களில் காவலுக்கு ஆள் கிடையாது. பிள்ளைகள் தண்ணீரில் இருக்கும்வரை ஒரு பெரியவர் போனைக் கீழே வைத்துவிட்டு உட்கார வேண்டும்.

அறைக்குள் சின்னச் சின்ன விஷயங்கள். பால்கனிக் கதவைத் திறந்து வைத்து ஏசி ஓடவிட்டால் உப்புக்காற்றின் ஈரம் உள்ளே வந்து சுவரெல்லாம் வியர்க்கும். கெட்டிலில் பால் காய்ச்ச வேண்டாம், அடிபிடித்துவிடும். சமையலறையில் கேட்டால் காய்ச்சியே தருவார்கள். பால்கனியில் பிஸ்கட் வைத்தால் காக்கை கொண்டுபோகும். நனைந்த துணி மே மாதத்தில் காயாது, ஒரு செட் கூடுதலாக எடுத்து வாருங்கள். ஏசி சரியில்லை, வெந்நீர் வரவில்லை என்றால் அந்த நேரமே சொல்லுங்கள். அன்று இரவே அறை மாற்றித் தர முடியும். காலி செய்யும்போது சொன்னால் மன்னிப்பு மட்டும்தான் கிடைக்கும்.

அப்பா உழிச்சல், அதாவது எண்ணெய் மசாஜ், செய்துகொள்ள ஆசைப்படலாம். ரிசார்ட்டில் இருக்கும் எண்ணெய்த் தேய்ப்பு எல்லாம் ஆயுர்வேத சிகிச்சை ஆகிவிடாது. கேரள சுற்றுலாத் துறை கொடுக்கும் தரச்சான்று இருக்கிறதா, வைத்தியர் பார்த்த பிறகு செய்கிறார்களா என்று கேளுங்கள். முறையான இடத்தில் ஆணுக்கு ஆண், பெண்ணுக்குப் பெண்தான் செய்வார்கள். ரத்த அழுத்தம், சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிட்டால் முதலிலேயே சொல்ல வேண்டும். இரண்டு நாளில் முட்டுவலி போய்விடும் என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். எண்ணெய் உடம்போடு வெள்ளை விரிப்பில் படுத்தால் கறைக்குப் பணம் பிடிப்பார்கள், ஹவுஸ்கீப்பிங்கில் பழைய துண்டு ஒன்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மருதாணிக் கறைக்கும் இதே கணக்குதான்.

மீன் விஷயத்தில் உங்களுக்கு அதிர்ஷ்டம். தூத்துக்குடிப் பக்கம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுத் தடை, அதனால் மே மாதம் உங்கள் ஊரில் மீன் விலை ஏறியிருக்கும். கேரளத்தில் டிராலிங் தடை ஜூன் 9 நள்ளிரவில்தான் தொடங்கும். கடல் கொந்தளிக்காத வரை விழிஞ்ஞத்தில் மீன் தாராளம். லைட்ஹவுஸ் பீச் கடைகளில் மீனை வாசலிலேயே அடுக்கி வைத்திருப்பார்கள். உங்கள் சீலா இங்கே நெய்மீன். எடை போட வைத்து, சமையலும் சேர்த்து மொத்தம் எவ்வளவு என்று கேட்ட பிறகே தலையாட்டுங்கள். இங்கே எல்லாம் தேங்காய் எண்ணெயில்தான். ஒத்துக்கொள்ளாதவர்கள் முன்பே சொல்லிவிட வேண்டும். மரச்சீனி என்கிற மரவள்ளிக் கிழங்கும் மீன்கறியும் சாப்பிட, சாலையோரச் சின்னக் கடைதான் என் ஓட்டு. ரிசார்ட்டில் அதே தட்டுக்கு அலங்காரத்துக்கும் சேர்த்துக் கொடுக்க வேண்டும்.

காலி செய்கிற அன்று பத்மநாபசுவாமி கோயிலுக்குப் போவதாக இருந்தால், காலை உணவை ஏழரைக்கே முடித்துக்கொண்டு கிளம்புங்கள். நண்பகலில் நடை சாத்தினால் மாலையில்தான் திறப்பார்கள். பெட்டிகளை ரிசார்ட்டிலேயே வைத்துவிட்டுப் போகலாம், திரும்பும் வழியில் எடுத்துக்கொள்ளலாம். ஆண்கள் வேட்டி கட்டி மேல்சட்டை இல்லாமல்தான் உள்ளே போக முடியும், பெண்களுக்குப் புடவை. சுடிதாரில் வந்தவர்களுக்கு அதன்மேல் சுற்றிக்கொள்ள வேட்டி வாசல் பக்கமே வாடகைக்குக் கிடைக்கும்.